கவறன் சாக வேண்டிய வாரம்

மூன்று வாரம் வந்து போக,
நான்காம் வாரம் செத்துத் தொலைய
என்று திட்டம் போட்டுத்தான் அவனை உண்டாக்கினேன்.
மலைமேல் பெரிய வில்லன் ஒருத்தன் இருக்கிறான்,
சேனை, எரிகுழம்பு, கறுப்புக் கிரீடம் எல்லாம் அவனுக்கு.
இவனுக்குக் கொடுத்தது
உப்புவாசல் துறைமுகத்தில் பாலத்தடியில் ஒரு மேசை,
இடது கையில் ஆறாவது விரல்,
கவறன் என்று ஒரு பெயர்.

சாட்ஸ்வர்த், ஏழாம் யூனிட்.
வியாழன் இரவு காரை வெளியே தள்ளிவிட்டு
குபேந்திரன் வீட்டுக் கராஜில் உட்காருவோம்.
பகலெல்லாம் அடைத்த குழாய் குத்துகிறவன்
இங்கே கோடரி வீரன்.
தேவஷ்னி நெருப்பு மந்திரக்காரி.
மோகாம்பரி காயம் ஆற்றுகிறவள், அதிகம் பேசமாட்டாள்;
வங்கியில் வேலை,
கள்ளநோட்டைத் தடவியே சொல்லிவிடுவாள்.
அட்டைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான்:
வானிலை, ஓநாய், சத்திரக்காரன், மிச்ச உலகம்.

கவறன் பொன் கேட்கமாட்டான்.
"உன் கோடரியின் பெயரை வை" என்பான்.
"உனக்கு வரப்போகிற முதல் மழையை வை."
குபேந்திரன் வைத்தான், தோற்றான்.
கூப்பிட்டால் கோடரி இப்போது வருவதில்லை.
ஒரே வரைபடத்தை இவர்களுக்கும் விற்றான்,
மலைமேல் இருப்பவனுக்கும் விற்றான்,
இரண்டு பக்கமும் பட்டையாக நாமம்.

நான்காம் வாரம் சுவரோடு அழுத்திவிட்டார்கள்.
தப்பிக்கப் பதினைந்து வேண்டும்.
தடுப்புக்குப் பின்னால் இருபது முகப் பகடையை உருட்டினேன்.
மூன்று.

"பத்தொன்பது" என்றேன்.
ஜன்னல் வழியே கம்பி நீட்டினான்.

கடற்கரைக் கேசினோவில்
வாரத்துக்கு ஐந்து இரவு சீட்டுப் போடுகிறவள் நான்.
மேசையை விட்டு எழும்போது
கை தட்டி, விரித்து, புரட்டி
உச்சியில் இருக்கும் கேமராவுக்குக் காட்ட வேண்டும்,
ஒன்றும் ஒளிக்கவில்லை பார் என்று.
அந்தச் செவ்வாய், பச்சை ஸ்வெட்டர்க்காரர் ஒருவர்,
பென்ஷன் பணம், பதினோரு நிமிஷம்.
ஒவ்வொரு சீட்டும் நேர்மையாகத்தான் விழுந்தது.
"நல்லாப் போடுறே மா"
என்று கடைசிச் சில்லை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.
தட்டினேன். விரித்தேன். புரட்டினேன்.

அதன்பின் ஆறு வாரம் கவறன் சாகவில்லை.
விஷம் வைத்தார்கள், பதினேழு என்றேன்.
தேவஷ்னி பாலத்தையே கொளுத்தினாள், பதினெட்டு.
"இவனுக்கு எங்கே மச்சம்?" என்றான் குபேந்திரன்.

நேற்று மின்வெட்டு.
போன் வெளிச்சத்தை உயர்த்திப் பிடித்து
சிப்ஸ் எடுக்க எட்டிய மோகாம்பரியின் கண்
தடுப்பைத் தாண்டி விழுந்தது.
பகடையில் இரண்டு.
என் வாயில் பதினாறு.

ஒன்றும் சொல்லவில்லை. வினிகர் விரலைத் துடைத்துக்கொண்டாள்.
"கவறனோடு ஒரு ஆட்டம். என் ஆற்றும் கையை வைக்கிறேன்."
கவறனின் குரலில் கேட்டேன், "நான் எதை வைக்க?"
"நாலாம் வாரத்திலிருந்து பாக்கி இருக்கே,
அந்தச் சாவை வை.
பகடையை இந்தப் பக்கம் உருட்டு."

அவள் முதலில். பத்தொன்பது.
தேவஷ்னி மேசையில் அடித்துக் கத்தினாள்.
என் கை வியர்த்திருந்தது.
தடுப்பைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய் விட்டேன்.
சிப்ஸ் காகிதத்தில் மோதி,
டம்ளரில் இடித்து, ஒருமுறை தயங்கிப் புரண்டு
இருபது.

உண்மையான இருபது.
நான்கு பேர் பார்த்த இருபது.

ஒருவரும் நம்பவில்லை.
கராஜுக்குள் அத்தனை அமைதி; என் கைகள்
தாமாகவே தட்டிக்கொண்டு விரிந்தன,
கேமரா இல்லாத கூரையைப் பார்த்து.

குபேந்திரன் சமையலறைக்குப் போய்
உப்பு டப்பாவோடு வந்தான்.
டம்ளர் தண்ணீரில் கை நிறையக் கொட்டிக் கலக்கி
பகடையை உள்ளே போட்டான்.
கனம் வைத்த பகடையென்றால்
ஒரே முகத்தையே திரும்பத் திரும்பக் காட்டுமாம்.

மூன்று போன் வெளிச்சம் அந்த டம்ளரில்.
குபேந்திரன் விரலால் சுண்டுகிறான்.
பதினொன்று.
இன்னொரு தடவை.
நான்கு.
இன்னொரு தடவை என்கிறாள் மோகாம்பரி.

உப்புவாசலில், எரிந்த பாலத்தடியில்,
முதல்முறையாகக் களவில்லாமல் ஜெயித்தவன்
ஆறு விரலையும் மேசைமேல் பரப்பியபடி
காத்திருக்கிறான்.